படத்தில் இருப்பது, உடம்பில் இல்லாதது

தேயிலைச் செடி அமில மண்ணில்தான் செழிக்கும். அந்த மண்ணில் கரைந்து கிடக்கும் மாங்கனீசை வேர்வழியே இழுத்து இலையில் சேர்த்து வைத்துக்கொள்வது அதன் பழக்கம். வேறு பயிராக இருந்தால் அவ்வளவு மாங்கனீசைத் தாங்காமல் வாடிவிடும். தேயிலைக்கு ஒன்றும் ஆவதில்லை. கொழுந்தைக் கிள்ளி, வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, காயவைத்துத் தூளாக்கிய பிறகும் அந்த மாங்கனீசு இலையைவிட்டுப் போகாது. கொதிநீரில் போடும்போது அதில் ஒரு பங்கு நீரில் இறங்கும். கேமரன் மலையில் பசியாறும்போது நாம் குடிக்கும் தே ஓவில், அதாவது பால் விடாத தேநீரில், அது இருக்கிறது.

2011ஆம் ஆண்டு ஈரான் மருத்துவர்கள் சிலர் 'யூரோப்பியன் ரேடியாலஜி' இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எம்.ஆர்.ஐ கருவியில் பித்தநாளத்தைப் படம் எடுப்பதற்கு முன்னால் கறுப்புத் தேநீரைக் குடிக்கக் கொடுத்தால் படம் தெளிவாகிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி. தெளிவாகிறது என்பது பதில். பல நூறாயிரம் வெள்ளி மதிப்புள்ள காந்தத்துக்கு ஒரு கோப்பை தே ஓ ஒத்தாசை செய்கிறது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் என்பதால் இதைப் படித்ததும் எனக்கு ஒரு அற்பப் பெருமை வந்தது உண்மை. பெருமை அடங்கியதும் ஒரு கேள்வி மிஞ்சியது. உடம்பைப் படம் எடுக்கும் கருவிக்கு இந்த ஒத்தாசை எதற்கு? அது பார்ப்பதைத்தானே காட்டுகிறது?

இல்லை. எம்.ஆர்.ஐ எதையும் 'பார்ப்பது' இல்லை. அது கணக்குப் போடுகிறது. கணக்கு பிசகும் இடங்களில் உடம்பில் இல்லாத ஒன்று படத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரேடியாலஜியில் இதை ஆர்ட்டிஃபேக்ட் என்கிறார்கள். நான் பொய்யுரு என்று சொல்லிக்கொள்கிறேன். எம்.ஆர்.ஐயின் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரலாறாக எழுதுவதுதான் வழக்கம். அதைப் பொய்யுருக்களை ஒவ்வொன்றாகத் துரத்திய வரலாறாகவும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் நமக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்கள் சில நடுவில் வரும்.

1946இல் அமெரிக்காவில் ஃபெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செல்லும் தனித்தனியாக ஒன்றைக் காட்டினார்கள். வலிமையான காந்தப்புலத்தில் ஒரு பொருளை வைத்து ரேடியோ அலையைச் செலுத்தினால், அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பதில் குரல் கொடுக்கும். இருவருக்கும் 1952இல் நோபல் கிடைத்தது. ஆனால் அது குரல் மட்டும்தான். எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. தோட்டத்தில் காலைப் பெரட்டு எடுக்கும்போது எல்லாரும் ஒரே சுருதியில் 'வந்தேன்' என்றால் கங்காணிக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

1971 செப்டம்பர் 2. பிட்ஸ்பர்க் பக்கத்தில் நியூ கென்சிங்டன் என்ற ஊரில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருந்த வேதியியலாளர் பால் லாட்டர்பருக்கு விடை தோன்றியது. காந்தப்புலத்தைச் சீராக வைக்காமல் ஒரு பக்கம் குறைவாகவும் மறுபக்கம் கூடுதலாகவும் சரித்துவிட்டால், ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு சுருதி வந்துவிடும். சுருதியை வைத்து இடத்தைச் சொல்லிவிடலாம். ஒரு நோட்டுப்புத்தகத்தில் அதை எழுதிவைத்தார்.

ஒரு சிக்கல் இருந்தது. ஒரு திசையில் சரித்தால் கிடைப்பது படம் அல்ல, கூட்டுத்தொகை. ஒரு நிரையில் உள்ள செடிகளில் கிள்ளிய மொத்தக் கொழுந்தின் எடை தெரியும், எந்தச் செடியில் எவ்வளவு என்று தெரியாது. குறுக்கு நிரைகளையும் நிறுத்து, மூலைவிட்ட நிரைகளையும் நிறுத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு செடிக்கும் உரிய எடையைக் கணக்கில் பிடித்துவிடலாம். லாட்டர்பர் அதைத்தான் செய்தார். நான்கு திசைகளில் எடுத்து, நீர் நிரம்பிய இரண்டு மெல்லிய குழாய்களின் குறுக்குவெட்டைப் படமாக்கினார். 'நேச்சர்' இதழ் முதலில் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1973 மார்ச்சில் அதே இதழில் அது வெளியானது. அந்த முதல் கட்டுரையிலேயே இன்னொரு சோதனையும் இருக்கிறது. ஒரு குழாயில் வெறும் நீர், மற்றதில் மாங்கனீசு சல்ஃபேட் கலந்த நீர். கருவி இரண்டையும் பிரித்துக் காட்டியது. தேயிலைக்குள் இருக்கும் அதே மாங்கனீசு எம்.ஆர்.ஐ பிறந்த அன்றைக்கே கூட இருந்திருக்கிறது.

கூட்டுத்தொகைகளிலிருந்து படத்தை மீட்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு நிரையின் மொத்தத்தையும் அந்த நிரை முழுக்கச் சமமாகப் பரப்பிவிடுவது. பல திசைப் பரப்பல்கள் எங்கே குறுக்கிடுகிறதோ அங்கே வெளிச்சம் கூடும். ஆனால் பரப்பியது மற்ற இடங்களிலும் கறையாகத் தங்கிவிடும். ஒரு புள்ளியை எடுத்தால் புள்ளி வராது, சுற்றிலும் கதிர்விட்ட நட்சத்திரம் வரும். திசைகளைக் கூட்டிக்கொண்டே போனால் கதிர்கள் கலந்து மூட்டமாகும். பிரிஞ்சாங் மலையில் காலைப் பனிக்குள் விளக்கைப் பார்ப்பதுபோல.

அந்த மூட்டத்தை விலக்கும் வழி அச்சாகி வந்ததும் 1971 செப்டம்பரில்தான். அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும். ஜி என்றால் கோபாலசமுத்திரம். திருநெல்வேலிப் பக்கத்து ஊர். ராமச்சந்திரன் பிறந்தது 1922இல் எர்ணாகுளத்தில். சி. வி. ராமனின் மாணவர். முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவரானவர். அடையாறிலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாரை வாங்கி ஆராய்ந்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜனின் முப்புரி அமைப்பைச் சொன்னவர். உயிர்வேதியியல் படிக்கிறவர்களுக்கு 1963இன் ராமச்சந்திரன் வரைபடத்தைத் தெரியும். இந்த இன்னொரு வேலையைப் பற்றித் தமிழில் அதிகம் பேச்சு இல்லை.

அவர்கள் சொன்னது இவ்வளவுதான். கூட்டுத்தொகையை அப்படியே பரப்பாதே. பரப்புவதற்கு முன் ஒவ்வொரு அளவையும் சுற்றியுள்ள அளவுகளோடு சேர்த்துத் திருத்து. நடுவில் ஒரு கூட்டல். இருபுறமும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழித்தல், தள்ளிப் போகப் போக அந்தக் கழித்தல் தேய்ந்துகொண்டே போகும். இப்படித் திருத்திய பிறகு பரப்பினால், ஒரு திசை விட்ட கறையை இன்னொரு திசையின் கழித்தல் துடைத்துவிடும். அதற்கு முன்பு இதே வேலைக்கு ஃபூரியர் உருமாற்றம் என்ற நீண்ட கணக்கைப் போட வேண்டியிருந்தது. அன்றைய கணினிகளுக்கு அது பெரிய சுமை. இந்தக் குறுக்குவழி சுமையைக் குறைத்தது. சரியாக அடுத்த மாதம், 1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியை சி.டி ஸ்கேன் எடுத்தார்கள். சி.டி பரவியபோது இந்த வகைக் கணக்கே அதன் முதுகெலும்பானது. இன்றும் மென்பொருள் பட்டியல்களில் 'ராம்-லாக்' என்று ஒரு வடிகட்டியின் பெயர் இருக்கும். கோபாலசமுத்திரத்து ராமும் லட்சுமிநாராயணனின் லாக்கும். அந்தப் பொத்தானை அழுத்துகிற எத்தனை பேருக்கு அது இரண்டு மனிதர்களின் பெயர் என்று தெரியும்?

இதற்கும் ஒரு விலை உண்டு. மூட்டத்தை விலக்கும் வடிகட்டி, படத்தில் உள்ள இரைச்சலை, அந்தப் பொடிப்பொடியான மணல் புள்ளிகளைக் கூடுதலாக்கிவிடும். ஒரு பொய்யுருவை விரட்டினால் வேறொன்று வாசலில் நிற்கும். இந்த வரலாறு முழுக்க அப்படித்தான்.

எம்.ஆர்.ஐக்குத் தனிப்பாதை போட்டுக் கொடுத்தவர்களில் ஒருவரும் இந்தியர். சூரிச்சில் ரிச்சர்ட் எர்ன்ஸ்ட்டின் ஆய்வகத்தில் இருந்த அனில் குமார், டீட்டர் வெல்டி, எர்ன்ஸ்ட் மூவரும் 1975இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அனில் குமார் பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். நிரைகளைச் சுற்றிச் சுற்றி நிறுக்க வேண்டாம், ஒரு திசையில் இடத்தைச் சுருதியாகவும் மறு திசையில் இடத்தைத் தாளத்தில் முன்பின்னாக விழும் அடியாகவும் பதிந்துவிடலாம் என்பது அவர்கள் யோசனை. நட்சத்திரக் கதிர்கள் அந்த வழியில் வராது. ஆனால் அவர்கள் முறையில் ஒவ்வொரு வரியையும் பதிய வெவ்வேறு நேரம் ஆகும். காந்தத்தில் சிறு குறை இருந்தாலும் அது வரிக்கு வரி வேறுமாதிரி வேலையைக் காட்டும். 1980இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் எடெல்ஸ்டீன், ஹட்சிசன் குழுவினர் நேரத்தை மாற்றாமல் சரிவின் வலுவை மட்டும் வரிக்கு வரி மாற்றினார்கள். காந்தத்தின் குறை எல்லா வரியிலும் ஒரே மாதிரி விழுந்ததால் அது படத்தைக் குலைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் தேதி ஃப்ரேசர்பர்க் ஊரிலிருந்து வந்த ஒரு நோயாளியை அந்தக் கருவியில் படம் எடுத்தார்கள். மருத்துவருக்கு உண்மையிலேயே பயன்பட்ட முழு உடல் எம்.ஆர்.ஐ அதிலிருந்துதான் தொடங்குகிறது. இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை இந்த அபர்டீன் வழியின் பிள்ளைகள்.

ஆனால் வரி வரியாகப் பதிவதால் வேறொரு வினை சேர்ந்தது. வரிகளுக்கு நடுவில் ஆள் மூச்சு விடுகிறார்.

எங்கள் அத்தை ரிங்லெட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். கையால் கிள்ளிய காலத்தில் தொடங்கி, கத்தரி வந்து, இருவர் பிடிக்கும் இயந்திரம் வந்து, பக்கத்து லயத்தில் வங்காளதேசத்துப் பையன்கள் குடிவந்தது வரை பார்த்தவர். சில வருடங்களுக்கு முன் மேல்வயிற்று வலியோடு கண் மஞ்சளானது. பித்தப்பையில் கல் இருந்தது. அதில் ஒன்று நழுவிப் பித்தநாளத்தில் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, மலையிறங்கி ஈப்போவில் எம்.ஆர்.ஐ எடுத்தோம். உள்ளே மலாயில் பதிவு செய்த குரல் 'தாரிக் நஃபாஸ்... தாஹான்' என்று மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னது. அத்தைக்கு மலாய் தெரியும். மூச்சுத்தான் நிற்கவில்லை. படத்தில் அவர் வயிற்றுச் சுவர் அலை அலையாக மூன்று நான்கு முறை மறுபடி மறுபடி விழுந்திருந்தது. எடுத்த தமிழ்ப் பையன் வெளியே வந்து, "கோஸ்ட் விழுந்துடுச்சும்மா, இன்னொரு தடவ எடுக்கணும்" என்றான்.

அத்தை என் பக்கம் திரும்பி, "என்னாடா, எனக்குள்ள பேய் இருக்குன்றானா?" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அவன் மட்டும் பொறுமையாக விளக்கினான். மூச்சு ஒரு தாளத்தில் வந்துபோகிறது. கருவியும் ஒரு தாளத்தில் வரிகளைப் பதிகிறது. இரண்டும் மோதினால் கணக்கு, அசைந்த வயிற்றை ஒரே வயிறாக எடுத்துக்கொள்ளாமல் வரிசையாகப் பல வயிறாகப் போட்டுவிடும். பிறகு வயிற்றின் மேல் ஒரு பெல்ட்டைக் கட்டி, மூச்சு வெளியே போய் ஓயும் அந்தக் கணத்தில் மட்டும் கருவி பதியுமாறு வைத்தார்கள். நேரம் கூடியது, பேய்கள் போய்விட்டன.

பேய் போன படத்தில் இன்னொன்று தெரிந்தது. குறுக்குவெட்டு ஒன்றில், வெள்ளையாக இருக்க வேண்டிய பித்தநாளத்தின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. கல்லும் கறுப்பாகத்தான் தெரியும். கல் என்றால் வாய்வழியே குழாயை இறக்கி, நாளத்தின் வாயைக் கீறி எடுக்க வேண்டும். கணையம் வீங்கும் ஆபத்து அதில் உண்டு. அத்தையின் வயதுக்கு அது சின்னக் காரியமில்லை. ரேடியாலஜிஸ்ட் அவசரப்படவில்லை. அதே இடத்தை வேறு கோணத்தில், வேறு முறையில் எடுத்த படங்களை எல்லாம் பார்த்தார். புள்ளி வேறு எதிலும் இல்லை. ஓடுகிற பித்தநீர் விட்ட நிழல் அது, கல் அல்ல என்று எழுதினார். அடைத்த கல் தானாக இறங்கிப் போயிருக்க வேண்டும். பித்தப்பையை மட்டும் பிறகு எடுத்தார்கள்.

ஓடும் நீர் கருவியை ஏமாற்றும் என்பதை முதலில் எழுதிவைத்தது பெங்களூரில். இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூர்யன் 1951இல், அதாவது எம்.ஆர்.ஐ பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், ஓடும் திரவத்தின் காந்த ஒத்திசைவு நின்றிருக்கும் திரவத்தினுடையது போல இருப்பதில்லை என்று இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் எழுதினார். களைத்துப்போன அணுக்கருக்கள் விலகி, புதியவை உள்ளே வருவதால் குரல் வலுக்கிறது. படம் எடுக்கும் முறையைப் பொறுத்து அதே ஓட்டம் சில சமயம் வெளுப்பாகவும், பதிலைக் கேட்பதற்குள் திரவம் இடம் மாறிவிட்டால் கறுப்பாகவும் தெரியும். அத்தையின் நாளத்தில் இருந்த கறுப்புப் புள்ளிக்கு வேர் அங்கே இருக்கிறது. இன்று இதே ஓட்டத்தைப் பயன்படுத்தி, ஊசிமருந்து இல்லாமலே இரத்தக் குழாய்களைப் படம் எடுக்கிறார்கள். ஒரு துறையின் பொய்யுரு இன்னொரு துறையின் கருவியாகிவிட்டது.

இப்போது தே ஓவுக்கு வரலாம். பித்தநாளப் படத்தில் தேங்கி நிற்கும் நீர் எல்லாமே வெள்ளையாகப் பளிச்சிடும்படி கருவியை வைப்பார்கள். இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் உள்ள நீரும் பளிச்சிட்டு நாளத்தை மறைக்கும். இது கண்டிப்பான பொருளில் பொய்யுரு இல்லை. உண்மைதான், ஆனால் வழியில் நிற்கிற உண்மை. மாங்கனீசு அயனியில் ஐந்து இணையில்லா எலெக்ட்ரான்கள் உண்டு. அது கலந்த நீரின் பதில் குரல் சீக்கிரமே செத்துவிடும். கருவி காது கொடுப்பதற்குள் குரல் அடங்கிப்போவதால் குடல் இருண்டுவிடும், நாளம் மட்டும் மிஞ்சும். 1995இல் ஜப்பானில் நீலபெர்ரிச் சாற்றையும், 2004இல் பிரிட்டனில் அன்னாசிச் சாற்றையும் இதற்காகச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். அத்தைக்குக் கொடுத்தது அன்னாசிச் சாறு. தேயிலை இந்தப் பட்டியலில் பிறகு சேர்ந்தது.

இதுவரை சொன்ன பொய்யுருக்களுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. அவை முகத்தைக் காட்டிவிடும். நட்சத்திரக் கதிரையோ அடுக்கடுக்கான வயிற்றையோ யாரும் நோய் என்று நினைக்கமாட்டார்கள். கறுப்புப் புள்ளி கொஞ்சம் சூதானது, ஆனாலும் கோணத்தை மாற்றினால் மாட்டிக்கொள்ளும். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வேகம்தான் முக்கியமானது. மூச்சுப் பிடிக்க முடியாதவர்களுக்கு அது பெரிய வரம். 1999இல் சென்ஸ், 2002இல் கிராப்பா என்று, பல கம்பிச்சுருள்களைச் சுற்றி வைத்து, வரிகளில் பாதியை மட்டும் பதிந்து மீதியைக் கணக்கில் மீட்கும் முறைகள் வந்தன. 2007இல் மைக்கேல் லஸ்டிக் குழுவினர் இன்னும் குறைவான வரிகளிலிருந்து படத்தை மீட்டார்கள். அதன் பிறகு செயற்கை நுண்ணறிவு. ஆயிரக்கணக்கான பழைய படங்களைப் படித்துப் பழகிய மென்பொருள், இல்லாத வரிகளை ஊகித்து நிரப்புகிறது. படம் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

அந்தச் சுத்தத்தில்தான் வில்லங்கம். 2020இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில், ராமச்சந்திரன் எழுதிய அதே இதழில், வெகார்ட் ஆன்டுன் குழுவினர் இந்த மென்பொருள்களின் தள்ளாட்டத்தைப் பற்றி எழுதினார்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றத்தைப் பதிவில் செய்தால் படம் எங்கேயோ போய்விடுகிறது, உண்மையான சிறு கட்டி காணாமல் போகவும் கூடும் என்று காட்டினார்கள். அதே ஆண்டு நடந்த ஃபாஸ்ட்-எம்.ஆர்.ஐ போட்டியில், சில மீட்புப் படங்களில் உடம்பில் இல்லாத அமைப்புகள் இயல்பான திசுபோலவே வரையப்பட்டிருந்ததை ரேடியாலஜிஸ்டுகள் கவனித்தார்கள். மாயத்தோற்றம் என்றே அதைப் பெயரிட்டு எழுதினார்கள். இந்தப் பொய்யுருவுக்குக் கதிர் இல்லை, அலை இல்லை. அது நல்ல பிள்ளை மாதிரி இருக்கிறது.

என்னை உறுத்துவது இதுதான். மென்பொருள் ஊகிப்பது அது பார்த்துப் பழகிய உடம்புகளை வைத்து. யாருடைய உடம்புகள்? முப்பது வருடம் கூடை சுமந்து வளைந்த முதுகெலும்பு அந்தப் பழக்கத்தில் இல்லையென்றால், அதைக் கொஞ்சம் நிமிர்த்திக் காட்டத்தான் அதற்குத் தோன்றும். கெட்ட எண்ணத்தால் அல்ல. இல்லாத இடத்தைச் சராசரியால் நிரப்புவதுதான் அதன் வேலை.

இந்த மலைக்கு அப்படி ஒரு கதை உண்டு. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங் எல்லை மலைகளுக்குள் வந்தார். செங்குத்து மலைகளுக்கு நடுவே மென்சரிவான பீடபூமி ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். ஆனால் வரைபடத்தில் அது இருக்கும் இடத்தைத் தெளிவாகக் குறிக்கவில்லை. பல ஆண்டுகள் அது எங்கே என்ற குழப்பம் நீடித்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் மலைவாழிட யோசனை வேகம் பிடித்தது. 1929இல் தேயிலை வந்தது. தேயிலையோடு நம் ஆட்களும் வந்தார்கள். அதற்கெல்லாம் முன்பே இங்கே வாழ்ந்துகொண்டிருந்த ஓராங் அஸ்லி மக்களுக்கு இந்தப் பீடபூமி எங்கே இருக்கிறது என்பதில் எந்தக் குழப்பமும் இருந்திருக்காது.

கேமரன் விட்ட வெற்றிடத்தை, சுற்றியுள்ள மலைகளைப் பார்த்து யாராவது ஊகித்து நிரப்பியிருந்தால் என்ன வரைந்திருப்பார்கள்? இன்னொரு செங்குத்து மலையைத்தான். வரைபடம் நிறைவாக இருந்திருக்கும், யாரும் தேடி வந்திருக்கமாட்டார்கள். வெற்றிடம் வெற்றிடமாகக் கிடந்ததால்தான் தேட வேண்டியிருந்தது. அதனால் ஊகித்து நிரப்பும் மென்பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. மூச்சுப் பிடிக்க முடியாத கிழவிகளுக்கு வேகமான கருவி வேண்டும். ஆனால் எந்த வரி பதிவு, எந்த வரி ஊகம் என்று படத்தின் ஓரத்தில் எழுதிவைக்கச் சொல்லிக் கேட்கலாம். அத்தையின் படத்தைப் பார்த்தவர் செய்ததுபோல, ஒரு புள்ளியை நம்புவதற்கு முன் வேறொரு கோணத்தில் எடுத்ததையும் காட்டச் சொல்லலாம்.